திருகோணமலையில் ஒருவர் விளக்கமறியலுக்குப் போனால்: குடும்பத்தார் கேட்கும் கேள்விகள்

வழக்கு நாட்களில் திருகோணமலை நீதிமன்ற வளவுக்குப் போனால், யாரிடம் எதைக் கேட்பது என்று தெரியாமல் நிற்கும் குடும்பங்களைக் காணலாம். மூதூர், கிண்ணியா, குச்சவெளி, தம்பலகாமம் என்று பல இடங்களிலிருந்து விடியற்காலையிலேயே பஸ் ஏறி வந்திருப்பார்கள். சிறைச்சாலையின் நடைமுறை அவர்களுக்குப் புதிது. அந்தத் தடுமாற்றத்தைப் பயன்படுத்திக் காசு பறிக்கிறவர்களும் உண்டு. உள்ளே இருப்பவர்களில் பலருடைய நாட்கள் நீளுவதற்குக் காரணம் வெளியே ஒரு கடதாசி தயாராக இல்லாததுதான். அதனால் குடும்பத்தார் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளையும் அவற்றுக்கான பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். இவை பொதுவான விளக்கங்கள். உங்கள் வழக்குக்கென்று ஒரு சட்டத்தரணியிடம் பேசத்தான் வேண்டும்.

தம்பியைப் பொலிஸ் கொண்டுபோய்விட்டது. சிறைச்சாலைக்குப் போகவா, பொலிசுக்குப் போகவா?

முதலில் பொலிஸ் நிலையத்துக்குப் போங்கள். நீதவான் உத்தரவு போடும்வரை அவர் பொலிஸ் பொறுப்பில்தான் இருப்பார். 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவைப்படி, பிடியாணை இல்லாமல் கைது செய்யப்பட்டவரை, பயண நேரம் நீங்கலாக 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் கொண்டுபோக வேண்டும். சனி, ஞாயிறு என்றாலும் பதில் நீதவான் ஒருவர் இருப்பார். ஆகவே திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டில் இருந்துவிட வேண்டாம்.

பொலிஸ் நிலையத்தில் இரண்டு விடயங்களைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். என்ன குற்றச்சாட்டு, எந்த நீதிமன்றத்தில் எப்போது ஆஜர்ப்படுத்துகிறார்கள் என்பவைதான் அவை. திருகோணமலை, மூதூர், கந்தளாய் என்று நீதிமன்றங்கள் வேறுவேறு. மூதூரில் ஆஜர்ப்படுத்தப்போகிறவருக்காக நகரத்தில் காத்துக்கொண்டிருந்தால் ஒரு நாள் வீணாகும். நீதிமன்றத்தில் பொலிஸ் கொடுக்கும் விசாரணை அறிக்கைக்கு, அதாவது பீ (B) அறிக்கைக்கு, ஓர் இலக்கம் இருக்கும். அந்த இலக்கத்தைக் கையில் வைத்திருங்கள். சட்டத்தரணி முதலில் கேட்பது அதைத்தான்.

பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைது என்றால் கணக்கு வேறு. 1979 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கச் சட்டமான அது, தடுப்புக்காவல் உத்தரவின் பேரில் ஒருவரை நீண்டகாலம் வைத்திருக்க இடம் கொடுக்கிறது. முன்பு 18 மாதமாக இருந்த உச்ச வரம்பை 2022 ஆம் ஆண்டுத் திருத்தம் 12 மாதமாகக் குறைத்தது. இந்தச் சட்டம் என்று கேள்விப்பட்ட உடனே மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அறிவியுங்கள். திருகோணமலையில் அதற்குப் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. 1996 என்பது அவசரத் தொலைபேசி இலக்கம்.

விளக்கமறியல் என்றால் தண்டனையா?

இல்லை. வழக்கு விசாரணை முடியும்வரை காவலில் வைத்திருப்பதுதான் விளக்கமறியல். அவர் இன்னும் சந்தேகநபர். குற்றவாளி என்று யாரும் தீர்க்கவில்லை. நாட்டில் ஒரு நாளில் சிறைச்சாலைகளில் இருப்பவர்களில் பெரும்பாலானோர் இப்படி விளக்கமறியலில் இருப்பவர்களே. திருகோணமலைச் சிறைச்சாலையிலும் அப்படித்தான்.

இந்த வேறுபாட்டை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஊரில் ஒருவர் உள்ளே போன மறுநாளே அவருடைய பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் வேறு மாதிரிப் பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். விளக்கமறியலில் இருந்த எத்தனையோ பேர் பிறகு விடுவிக்கப்பட்டிருக்கிறார்கள். அயலவர்கள் அதை நினைவில் வைத்திருப்பது அந்தக் குடும்பத்துக்குப் பெரிய உதவி.

சட்டத்திலும் இதற்கு அர்த்தம் உண்டு. விளக்கமறியல் கைதி தன் சொந்த உடுப்பைப் போடலாம். தண்டனைக் கைதியைப் போல அவரைக் கட்டாய வேலைக்கு விடுவதில்லை. வீட்டார் அவரை அடிக்கடி வந்து பார்க்கலாம்.

14 நாள், 14 நாள் என்று தள்ளிக்கொண்டே போகிறார்களே?

நீதவான் ஒருவரை முடிவில்லாமல் ஒரே உத்தரவில் அடைத்துவிட முடியாது. அதனால்தான் வழக்கமாகப் பதினான்கு நாளுக்கு ஒரு தவணை கொடுத்து, அந்த நாளில் வழக்கைத் திரும்ப அழைக்கிறார்கள். ஒவ்வொரு தவணையும் பிணை கேட்பதற்கான வாய்ப்பு. சட்டத்தரணி இல்லாமல் போனால், இரண்டு நிமிடத்தில் அடுத்த திகதி சொல்லி முடித்துவிடுவார்கள். சில தவணைகளில் சந்தேகநபரை நேரில் கொண்டுவராமல் காணொளி வழியே ஆஜர்ப்படுத்துவதும் இப்போது உண்டு. அவரை நீதிமன்றத்தில் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று நம்பி வருகிறவர்கள் இதை முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது.

பிணை எடுக்க என்ன செய்ய வேண்டும்?

1997 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்கப் பிணைச் சட்டம், பிணை கொடுப்பதே பொது விதி, மறுப்பது விதிவிலக்கு என்கிறது. தப்பிப் போய்விடுவார், சாட்சிகளில் தலையிடுவார், வெளியே போய்த் திரும்பவும் குற்றம் செய்வார், பொதுமக்கள் மத்தியில் குழப்பம் வரும் போன்ற காரணங்கள் இருந்தால் நீதவான் மறுக்கலாம். கொலைக் குற்றச்சாட்டு என்றால் நீதவானால் பிணை கொடுக்க முடியாது, மேல் நீதிமன்றத்தில்தான் கேட்க வேண்டும். கடத்தல், வியாபாரம் போன்ற கடுமையான போதைப்பொருள் வழக்குகளும் மேல் நீதிமன்றத்துக்கோ அதற்கும் மேலேயோதான் போகும். இந்த இடத்தில் பல குடும்பங்கள் ஏமாறுகின்றன. ஐஸ் வழக்கு ஒன்றுக்கு 'அடுத்த தவணையில் நீதவானிடம் எடுத்துத் தருகிறேன்' என்று யாராவது காசு கேட்டால், அவர் எந்தச் சட்டத்தின் கீழ் எடுக்கப்போகிறார் என்று திருப்பிக் கேளுங்கள்.

சரி, பிணை கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உத்தரவு பெரும்பாலும் இப்படி இருக்கும்: இவ்வளவு ரூபாய் ரொக்கப் பிணை, தலா இவ்வளவு பெறுமதியான இரண்டு சரீரப் பிணை. ரொக்கத்தை நீதிமன்றத்தில் கட்டிப் பற்றுச்சீட்டு எடுக்க வேண்டும். வழக்கு முடிந்ததும் அந்தக் காசு திரும்பி வரும், பற்றுச்சீட்டைப் பத்திரமாக வைத்திருந்தால்! சரீரப் பிணைக்கு வருகிறவர் காசு கட்டத் தேவையில்லை. ஆனால் சந்தேகநபர் வராமல் போனால் அந்தத் தொகைக்கு அவர்தான் பொறுப்பு என்று கையெழுத்து வைக்கிறார்.

இங்கேதான் கடதாசி விடயம் வருகிறது. பிணையாளிக்குத் தேசிய அடையாள அட்டை வேண்டும். இன்ன இடத்தில் வசிக்கிறார் என்று கிராம உத்தியோகத்தரின் சான்றிதழ் வேண்டும், அது பழையதாக இருந்தால் ஏற்கமாட்டார்கள். சில வழக்குகளில் நெருங்கிய உறவினராக இருக்க வேண்டும் என்பார்கள், சிலவற்றில் அரச ஊழியர் ஒருவர் வேண்டும் என்பார்கள். பிணை உத்தரவு வந்த பிறகு கிராம உத்தியோகத்தரைத் தேடி ஓடினால் அன்று அவர் பிரதேச செயலகத்தில் கூட்டத்தில் இருப்பார். அடுத்த நாள் வெள்ளி, அதற்குப் பிறகு போயா. இப்படியே நான்கு நாள் போய்விடும். தவணைக்கு முந்திய வாரமே இரண்டு பேரைத் தயார் செய்து, அவர்களுடைய சான்றிதழையும் எடுத்து வைத்துவிடுங்கள். பிணை கிடைக்காவிட்டால் நட்டம் ஒன்றுமில்லை.

பிணை கொடுத்தாயிற்று, பிணையாளி இல்லை. அப்படியே கிடக்க வேண்டியதுதானா?

கிடக்கத் தேவையில்லை. தொகை கூடுதலாக இருக்கிறது என்று நகர்த்தல் பத்திரம் (நீதிமன்றத்துக்குக் கொடுக்கும் எழுத்து விண்ணப்பம்) போட்டுக் குறைக்கக் கேட்கலாம். அதோடு, பிணை நிபந்தனையை நிறைவேற்ற வசதியில்லாமல் சிறையிலேயே இருக்கிறவர்களுக்காக 1991 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்க விளக்கமறியல் கைதிகளை விடுவித்தல் சட்டம் இருக்கிறது. நீதவான் சிறைச்சாலைக்கு வந்து இப்படிப்பட்டவர்களைப் பார்த்து, அவர்களுடைய சொந்தப் பிணைமுறியின் பேரிலேயே, அதாவது வேறு பிணையாளி இல்லாமல் அவர்களே வைக்கும் கையெழுத்தில், விடுவிக்க இந்தச் சட்டம் வழி செய்கிறது. உள்ளே இருப்பவர் தன் நிலைமையைச் சிறைச்சாலையின் நலன்புரி உத்தியோகத்தரிடம் சொல்லி, அந்தப் பட்டியலில் தன் பெயர் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். வாய் திறக்காதவரின் பெயர் விடுபட்டுப் போகும்.

இன்னொரு பாதுகாப்பும் உண்டு. பிணைச் சட்டத்தின் கீழ் வரும் வழக்குகளில், தீர்ப்பு இல்லாமல் ஒருவரைப் பொதுவாக 12 மாதத்துக்கு மேல் விளக்கமறியலில் வைத்திருக்க முடியாது. சட்டமா அதிபர் மேல் நீதிமன்றத்தில் காரணம் காட்டி நீடிப்புக் கேட்கலாம், அதுவும் மொத்தமாக இன்னும் 12 மாதத்துக்கு மேற்படாமல். கைதான திகதியை நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

சட்டத்தரணிக்குக் காசில்லை.

சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கள். 1978 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட அரச நிறுவனம் அது. திருகோணமலையிலும் அதன் அலுவலகம் இயங்குகிறது. வருமானம் குறைந்தவர்களுக்காக அங்குள்ள சட்டத்தரணிகள் ஆஜராவார்கள். போகும்போது அடையாள அட்டை, வருமானத்தைக் காட்டும் கிராம உத்தியோகத்தரின் கடிதம், வழக்கு இலக்கம் மூன்றையும் கொண்டுபோங்கள். மேல் நீதிமன்ற வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்டவருக்குச் சட்டத்தரணி இல்லையென்றால் நீதிமன்றமே ஒருவரை நியமிக்கும். இலவசம் என்றால் தரமிருக்காது என்று ஒரு பேச்சு ஊரில் உண்டு. தாலியை ஈடு வைத்துக் கட்டணம் கட்டிய பிறகு தவணைக்கு ஆள் வராமல் போன கதைகளையும் கேட்டிருக்கிறேன். காசு கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும், தவணைக்கு முதல் நாள் சட்டத்தரணியை அழைத்து நினைவூட்டுவது உங்கள் வேலை.

எப்போது போய்ப் பார்க்கலாம்? என்ன கொண்டுபோக வேண்டும்?

நாளும் நேரமும் சிறைக்குச் சிறை வேறுபடும், இடைக்கிடை மாறியும் விடும். சிறை வாயிலில் ஒட்டியிருக்கும் அறிவித்தல்தான் கடைசி வார்த்தை. தூரத்திலிருந்து வருகிறவர்கள் முதல் நாளே தொலைபேசியில் கேட்டுவிட்டு வாருங்கள். எல்லோரும் தேசிய அடையாள அட்டையின் மூலப் பிரதியைக் கொண்டுவர வேண்டும், கைபேசியில் எடுத்த படம் உதவாது. உள்ளே இருப்பவருடைய முழுப் பெயரைப் பதிவில் உள்ளபடி சொல்லுங்கள். வீட்டில் 'குட்டி' என்று கூப்பிடுகிற பெயர் அங்கே யாருக்கும் தெரியாது.

முதல் தடவை போகிறவர்கள் மனதைத் தயார் செய்துகொண்டு போவது நல்லது. பெயரைப் பதிந்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். கைபேசியை உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள். உடலைத் தடவிச் சோதிப்பார்கள், பெண்களைப் பெண் உத்தியோகத்தரே சோதிக்க வேண்டும். அப்புறம் கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நீங்கள், அந்தப் பக்கம் அவர். உங்களுக்கு இரண்டு பக்கத்திலும் மற்றக் குடும்பங்கள் நின்று ஒரே நேரத்தில் கத்திப் பேசும். கிடைப்பது சில நிமிடங்கள். அந்தச் சத்தத்தில் முக்கால்வாசி கேட்காது. ஆகவே பேச வேண்டியதை வீட்டிலேயே யோசித்துக்கொண்டு போங்கள்: அடுத்த தவணைத் திகதி, சட்டத்தரணி சொன்னது, அவருக்கு ஏதாவது வருத்தம் இருக்கிறதா, யாராவது தொல்லை கொடுக்கிறார்களா. இவ்வளவையும் முதலில் பேசிவிட்டால், மிஞ்சும் நேரத்தில் அழலாம். வழக்கின் உள்விடயங்களை அங்கே பேச வேண்டாம், சுற்றிவர எல்லோருடைய காதும் திறந்திருக்கும்.

கைக்குழந்தையைக் கொண்டுபோகலாமா என்று தாய்மார் கேட்பதுண்டு. கொண்டுபோகலாம். கம்பிக்குப் பின்னால் தகப்பனைப் பார்த்துப் பிள்ளை பயந்து அலறக்கூடும். அதற்காக அடுத்த முறை விட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். பிள்ளையின் முகம்தான் அவரை உள்ளே நிதானமாக வைத்திருக்கும். பெருநாட்களில் வழக்கத்தை விட நல்ல ஏற்பாடு இருக்கும். தைப்பொங்கல், தீபாவளி, நோன்புப் பெருநாள், சித்திரைப் புத்தாண்டு, வெசாக், நத்தார் போன்ற தினங்களில் வீட்டாரைச் சந்திக்கவும், வீட்டுச் சாப்பாடு ஒருவருக்குப் போதுமான அளவில் கொடுக்கவும் சிறைச்சாலைகள் திணைக்களம் விசேட அனுமதி கொடுப்பது வழக்கம்.

சாப்பாடு, உடுப்பு கொடுக்கலாமா?

விளக்கமறியல் கைதி வீட்டிலிருந்து உணவும் உடுப்பும் பெற 1877 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கச் சிறைச்சாலைகள் கட்டளைச் சட்டம் இடம் கொடுக்கிறது. எதை, எவ்வளவு, எந்த நேரத்தில் என்பதைச் சிறைச்சாலைக்குப் பொறுப்பான அத்தியட்சகர் தீர்மானிப்பார். வாயில் மேசையில் எல்லாவற்றையும் திறந்து பார்ப்பார்கள். சோற்றைக் கரண்டியால் கிளறுவார்கள், மீன் துண்டைப் பிரிப்பார்கள், சவர்க்காரத்தை வெட்டிப் பார்ப்பதும் உண்டு. முள்ளில்லாத கறி, தெளிவான பொதி, ஒரு சாரம், ஒரு துவாய், பற்பசை என்று எளிமையாகக் கொண்டுபோனால் விரைவாக முடியும். பெரிய சாப்பாட்டு அடுக்கோடு போனால் பாதி திரும்பி வரும்.

ஒரு கடுமையான எச்சரிக்கை. 'மச்சான், உன்ர ஆளுக்குக் கொண்டுபோற பையில இதையும் வை' என்று யார் எதைத் தந்தாலும் வாங்க வேண்டாம். சிம் காட், பீடிக் கட்டு, தூள் எதுவானாலும் அது உங்கள் கையில் பிடிபட்டால், பார்க்கப் போன நீங்களும் சந்தேகநபராக உள்ளே போவீர்கள். மகனைப் பார்க்கப் போன தாய் விளக்கமறியலுக்குப் போன செய்திகள் இந்த நாட்டில் புதிதல்ல.

காசு அனுப்பலாமா? கனடாவில் இருக்கும் அண்ணா கேட்கிறார்.

கைதியின் கையில் காசு கொடுக்க முடியாது. சிறைச்சாலையில் அவருடைய பெயரில் வைப்பிலிட்டால், கன்ரீனில் பொருள் வாங்க அதைப் பயன்படுத்தலாம். பற்றுச்சீட்டுக் கேட்டு வாங்குங்கள். வெளிநாட்டிலிருந்து உதவுகிறவர்கள் இங்குள்ள ஒரே உறவினர் பெயருக்கு அனுப்பி, அவர் முறைப்படி வைப்பிலிடுவதுதான் சரி. உள்ளே இருக்கும் இன்னொருவரின் மனைவியுடைய கணக்குக்குப் போடச் சொல்லி அழைப்பு வந்தால் அது பெரும்பாலும் கப்பம். போடாதீர்கள், அத்தியட்சகருக்கு அறிவியுங்கள்.

கடிதம் போய்ச் சேருமா?

சேரும். உத்தியோகத்தர் வாசித்துவிட்டுத்தான் கொடுப்பார். தமிழில் எழுதலாம், அது உங்கள் உரிமை. தெற்கிலுள்ள சிறைகளில் தமிழ் வாசிக்கத் தெரிந்த உத்தியோகத்தர் இல்லாத நேரங்களில் கடிதம் தாமதமாகலாம். சில சிறைகளில் அனுமதிக்கப்பட்ட தொலைபேசி வசதியும் உண்டு. பின்பக்கமாக வரும் கைபேசி அழைப்பு அதில் சேராது. அது பிடிபட்டால் அவர்மீது இன்னொரு வழக்கு விழும்.

அப்பாவுக்குச் சீனி வருத்தமும் பிறசரும். மருந்து?

சந்திப்பில் பேசிப் பயனில்லை, கடதாசியில் கொடுங்கள். கிளினிக் கொப்பியின் பிரதி, வைத்தியரின் மருந்துச் சீட்டு இரண்டையும் நலன்புரி உத்தியோகத்தரிடம் அல்லது கடமையில் இருக்கும் ஜெயிலரிடம் கொடுத்து, கொடுத்ததற்கு ஒரு குறிப்பு எழுதிக் கேளுங்கள். மாத்திரைகளை நேரடியாகக் கைதியிடம் கொடுக்க முடியாது. நிலைமை மோசமானால் காவலோடு வைத்தியசாலைக்குக் கொண்டுபோவார்கள். முதலாவது தவணையிலேயே சட்டத்தரணி மூலம் வருத்தத்தை நீதிமன்றத்துக்குச் சொல்லிவிட்டால், 'தேவையான சிகிச்சை அளிக்கவும்' என்று நீதவான் சிறைச்சாலைக்குக் கட்டளையிடுவார். அந்த ஒரு வரி பிறகு பல தடவை கைகொடுக்கும். இன்சுலின் போடுகிறவர், வலிப்பு உள்ளவர், மனநல மருந்து எடுக்கிறவர் என்றால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம்.

உள்ளே எப்படி இருக்கும்?

நெருக்கமாக இருக்கும். நாட்டின் சிறைகள் மொத்தம் ஏறத்தாழ 12,000 பேருக்குக் கட்டப்பட்டவை. அண்மைய ஆண்டுகளில் அவற்றில் இருப்பவர்கள் 30,000 பேரைச் சுற்றி. ஒருவர் படுக்கும் இடத்தில் இரண்டு பேர், மூன்று பேர். மலசலகூடத்துக்கும் வரிசை, குளிக்கவும் வரிசை. சொறி, இருமல் இலகுவில் தொற்றும். பழைய கைதிகள் புதியவர்களை வெருட்டுவதும் நடக்கும். 2020 நவம்பரில் மஹர சிறையில் கொரோனா அச்சத்தோடு வெடித்த கலவரத்தில் 11 கைதிகள் இறந்தார்கள். அந்தப் பயத்துக்குப் பின்னாலும் இந்த நெரிசல்தான் இருந்தது. ஊடகங்கள் நெரிசலை ஓர் எண்ணாகச் சொல்லிவிட்டுப் போகின்றன. இரவில் புரண்டு படுக்க முடியாத ஒரு மனிதருக்கு அது எண் இல்லை. காசு கட்ட முடியாதவர்களையும் பிணையாளி இல்லாதவர்களையும் வெளியே எடுத்தாலே பெரிய பாரம் குறையும் என்பது என் உறுதியான எண்ணம்.

தண்டப்பணம் கட்ட முடியாததால் உள்ளே போட்டுவிட்டார்கள். இனிக் கட்டினால் விடுவார்களா?

விடுவார்கள். இதைத் தெரியாமல் முழுக் காலத்தையும் கழித்துவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். அனுமதிப்பத்திரம் இல்லாமல் மணல் ஏற்றியது, கசிப்பு, தடை செய்யப்பட்ட வலை என்று எங்கள் மாவட்டத்தில் தண்டப்பணத்தில் முடியும் வழக்குகள் நிறைய. பணம் கட்டாததற்காக மட்டும் சிறையில் இருப்பவர், பணம் கட்டப்பட்ட உடனே விடுதலையாக வேண்டும். ஏற்கனவே கழித்த நாட்களுக்கு ஏற்ப மீதித் தொகையைக் கட்டினாலும் போதும். மீதி எவ்வளவு என்று சிறைச்சாலை அலுவலகத்தில் கேளுங்கள். தவணை முறையில் கட்ட அனுமதி கேட்பதானால் தீர்ப்பு அன்றே நீதிமன்றத்தில் கேட்க வேண்டும்.

சிறைக்கு அனுப்பாமல் சமூக சேவையில் ஈடுபடுத்தவும் வழி இருக்கிறது. 1999 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் சமுதாயஞ்சார் சீர்திருத்தத் திணைக்களம் அந்த வேலையைச் செய்கிறது. சிறிய குற்றம், குடும்பம் அவரை நம்பியிருக்கிறது என்றால், அந்த உத்தரவைக் கேட்கும்படி சட்டத்தரணியிடம் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள்.

தண்டனை கிடைத்துவிட்டது. எங்கே கொண்டுபோவார்கள்?

குறுகிய தண்டனை என்றால் கிட்டடியில் வைத்திருக்கலாம். நீண்ட தண்டனை என்றால் வேறு மாவட்டத்துக்கு மாற்றக்கூடும்: அனுராதபுரம், கொழும்பு வெலிக்கடை, மஹர, கண்டிப் பக்கம் பல்லேகலை, தெற்கே அங்குனகொலபெலஸ்ஸ. கண்டி நகரத்திலிருந்த போகம்பறைச் சிறை 2014 இல் பல்லேகலைக்கு மாறியது, அங்குனகொலபெலஸ்ஸ 2017 இல் திறக்கப்பட்டது. சாதாரண சிறை, கடூழியச் சிறை என்று தீர்ப்பில் இரண்டு வகை வரும். கடூழியம் என்றால் வேலை கட்டாயம்.

திருகோணமலைக் குடும்பத்துக்கு இந்த மாற்றம்தான் உண்மையான தண்டனை. இரவு ரயில் ஏறி, விடிய கொழும்புக் கோட்டையில் இறங்கி, வெலிக்கடைச் சிறை இருக்கும் பொரளைக்குப் பஸ் பிடித்து, வரிசையில் நின்று, சில நிமிடம் பார்த்துவிட்டு அன்றிரவே திரும்பி வரும் தாய்மார் இருக்கிறார்கள். ஒரு தடவைக்கு ஒரு வாரக் கூலி போகும். அங்குனகொலபெலஸ்ஸ என்றால் அந்தக் கணக்கும் உடைந்துவிடும். மொழி தெரியாத இடம் என்ற அச்சம் வேறு. 1983 ஜூலை 25, 27 ஆம் திகதிகளில் வெலிக்கடைச் சிறைக்குள் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டதை மறக்காத தலைமுறை இன்னும் வீட்டில் இருக்கிறது. அம்மம்மா 'கொழும்புக்கு விடாதேங்கோ' என்று மன்றாடினால் அதை வெறும் பயம் என்று தள்ளிவிட முடியாது.

கிட்ட மாற்றித் தரும்படி கேட்கலாம். கைதி அத்தியட்சகர் ஊடாகச் சிறைச்சாலைகள் ஆணையாளர் நாயகத்துக்கு எழுத வேண்டும், குடும்பமும் தனியாக எழுதலாம். 'பார்க்கக் கஷ்டமாக இருக்கிறது' என்று மட்டும் எழுதினால் எடுபடாது. தாயின் வயது, வைத்திய அறிக்கை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், வருமானக் கடிதம் எல்லாவற்றையும் இணையுங்கள். கைதிகளை இயன்றவரை வீட்டுக்கு அருகில் வைக்க வேண்டும் என்று கைதிகளை நடத்தும் முறை பற்றி 2015 இல் ஐ.நா. பொதுச் சபை ஏற்ற மண்டேலா விதிகளின் 59 ஆவது விதி சொல்கிறது. கடிதத்தில் அதையும் ஒரு வரியில் குறிப்பிடுங்கள். பதில் வராவிட்டால் திரும்ப எழுதுங்கள், பிரதியை மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கும் அனுப்புங்கள்.

மேன்முறையீடு செய்ய எவ்வளவு நாள் இருக்கிறது?

14 நாள். யோசித்துக்கொண்டிருக்க நேரமில்லை. வெளியே சட்டத்தரணி ஒழுங்காகாவிட்டால், உள்ளே இருப்பவர் தன் மேன்முறையீட்டு மனுவைச் சிறை அதிகாரிகள் மூலமாகவே அந்த நாட்களுக்குள் கொடுக்கலாம். தீர்ப்பு அன்று நீதிமன்றக் கூண்டருகே பேச முடிந்தால் இதை அவரிடம் சொல்லிவிடுங்கள்.

தண்டனை குறையுமா? பொதுமன்னிப்பு எடுத்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார்.

நன்னடத்தைக்குத் தண்டனை நாட்களில் கழிவு உண்டு. அதனால் தண்டனைக் கைதி ஒருவருக்கு இரண்டு திகதிகள் இருக்கும்: முழுத் தண்டனையும் முடியும் நாள், கழிவு போக வரும் நாள். இரண்டையும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். உள்ளே குழப்படி செய்தால் கழிவு பறிபோகும். படிக்க விரும்புகிறவர் சாதாரண தரம், உயர் தரம் எழுதலாம், தச்சு, தையல் போன்ற தொழிலும் பழகலாம். அவை விடுதலைக்குப் பிறகு உதவும்.

பொதுமன்னிப்பு வேறு. அரசியலமைப்பின் 34 ஆவது உறுப்புரையின்படி அது ஜனாதிபதியின் அதிகாரம். சுதந்திர தினம், வெசாக், நத்தார் போன்ற நாட்களில், சிறு குற்றங்களுக்கும் தண்டப்பணம் கட்டாததற்கும் உள்ளே இருப்பவர்களை வகை பிரித்து விடுவிப்பார்கள். 2025 வெசாக்கின்போது அனுமதிக்கப்பட்ட பட்டியலில் இல்லாத ஒருவர் அனுராதபுரம் சிறையிலிருந்து வெளியே வந்தது தெரியவந்து, உயர் அதிகாரிகள் வரை விசாரணை போனது. பொதுமன்னிப்பை விற்கிறேன் என்று வருகிறவரிடம் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம். லஞ்சம் கேட்டால் 1954 க்கு அழையுங்கள், அது இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் இலக்கம்.

மரண தண்டனை பற்றியும் கேட்கிறார்கள். தீர்ப்பு வழங்கப்பட்டாலும் 1976 க்குப் பிறகு இலங்கையில் யாரையும் தூக்கிலிடவில்லை.

பெண்ணொருவர் கைதானால் அவருடைய பிள்ளை?

பெண்களைத் தனிப் பகுதியில், பெண் உத்தியோகத்தர்களின் பொறுப்பில்தான் வைக்க வேண்டும். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையைத் தாயோடு வைத்திருக்க அனுமதி உண்டு. பால்குடிப் பிள்ளை என்றால் அது தேவைதான். நான்கு வயதுப் பிள்ளைக்கு அம்மம்மாவோ சித்தியோ இருந்தால், வெளியே வளர்வது நல்லது என்று நினைக்கிறேன். முடிவு தாயுடையது, அவரைக் கேட்காமல் யாரும் தீர்மானிக்கக் கூடாது. யாரும் இல்லாத பிள்ளை என்றால், சிறுவர் பராமரிப்பைப் பார்க்கும் நன்னடத்தைத் திணைக்களத்தை அணுகுங்கள். தாய் பிணை கேட்கும்போது கைக்குழந்தை இருப்பதை நீதவானுக்குக் கட்டாயம் எடுத்துச் சொல்ல வேண்டும்.

உள்ளே அடிக்கிறார்கள் என்று சொன்னார். முறையிட்டால் இன்னும் மோசமாகுமா?

அந்தப் பயம் நியாயமானது. ஆனாலும் பேசாமல் இருப்பது பாதுகாப்புத் தராது. அடுத்த தவணையில் நீதவானிடம் நேரடியாகச் சொல்லலாம். காயம் இருந்தால் சட்ட வைத்திய அதிகாரியிடம் காட்ட உத்தரவு கேளுங்கள், காயம் ஆறுவதற்கு முதல். எந்தத் தடுப்பு இடத்துக்கும் போய்ப் பார்க்க மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அதிகாரம் உண்டு. நீங்கள் பார்த்த நாள், எந்தப் பக்கத்துக் கை வீங்கியிருந்தது, அவர் சொன்ன வார்த்தை என்று அன்றே எழுதி வையுங்கள். மாதங்கள் கழித்து 'அடிச்சதாம்' என்று சொல்வதற்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

வீட்டில் செத்தவீடு. கொள்ளி வைக்க விடுவார்களா?

தாய், தகப்பன், மனைவி, பிள்ளை போன்ற நெருங்கியவர் என்றால் காவலோடு கொஞ்ச நேரம் கூட்டிவர அனுமதி கிடைக்கலாம். விளக்கமறியல் கைதிக்கு நீதிமன்றத்தில் நகர்த்தல் பத்திரம் போட வேண்டும், தண்டனைக் கைதிக்குச் சிறை நிர்வாகத்திடம் கேட்க வேண்டும். மரணத்தை உறுதிப்படுத்தும் கடிதம், உறவுக்கான சான்று, கிரியை நேரம் மூன்றோடும் காலையிலேயே போங்கள். சுடலைக்கு எடுக்கும் நேரத்தை இரண்டு மணித்தியாலம் தள்ளி வைத்தால் வாய்ப்புக் கூடும்.

விடுதலையாகும் நாளில் என்ன செய்வது?

நீதிமன்றத்தின் உத்தரவு சிறைச்சாலைக்குப் போய், பதிவைச் சரிபார்த்த பிறகுதான் வெளியே விடுவார்கள், பெரும்பாலும் பின்னேரமாகும். வேறு வழக்கில் விளக்கமறியல் உத்தரவு இருந்தால் விடமாட்டார்கள். உள்ளே போகும்போது எழுதி எடுத்த மோதிரம், காசு, அடையாள அட்டை எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்துவிட்டுக் கையெழுத்து வைக்கச் சொல்லுங்கள். பிணையில் வந்தவர் என்றால் ஞாயிறு தோறும் பொலிசில் கையெழுத்து, வெளிநாடு போகத் தடை போன்ற நிபந்தனைகளை வாசித்துப் புரிந்துகொள்ள வேண்டும். ஒரு தவணை தவறினால் பிடியாணை வரும், பிணையாளியையும் கூப்பிடுவார்கள். வழக்கிலிருந்து முற்றாக விடுவிக்கப்பட்டிருந்தால், அந்த உத்தரவின் அத்தாட்சிப்படுத்தப்பட்ட பிரதியை நீதிமன்றப் பதிவாளரிடம் எடுத்து இரண்டு போட்டோப் பிரதி போட்டு வையுங்கள். பழைய பிடியாணை பொலிஸ் பதிவில் நீக்கப்படாமல் கிடந்து, வருடங்கள் கழித்து வீதிச் சோதனையில் மறிக்கும்போதும், வெளிநாட்டு வேலைக்குப் பொலிஸ் அறிக்கை எடுக்கப் போகும்போதும் அந்தப் பிரதியைத்தான் காட்ட வேண்டிவரும்.